கன்னியப்பனுக்குக் கண் வலி

கன்னியப்பனுக்குக் கண் தெரியாது. அது பழைய சங்கதி. மூன்று வயதில் பெரியம்மை வந்து பார்வையைக் கொண்டுபோய்விட்டது. இப்போது வந்திருக்கும் சங்கடம் புதிது. அவனுக்குக் கண் வலி வந்துவிட்டது.

இதில் என்ன பெரிய சங்கடம் என்று கேட்பவர்களுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்த்த போல்ட் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாற்பது பேர் வேலை செய்யும் தகரக் கொட்டகை அது. கடைசி பெஞ்சு கன்னியப்பனுடையது. கடைந்து வரும் போல்ட்டுகளின் திருகு மரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, நல்லதை வலது பக்கப் பெட்டியிலும் சொத்தையை இடது பக்கப் பெட்டியிலும் போடுவான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள் கோட்டைவிட்டதை எல்லாம் அந்த விரல் பிடித்துவிடும். அனுப்பிய சரக்கு திரும்பி வராததற்கு அதுதான் காரணம் என்பது மேனேஜர் ராஜசேகரனுக்கு நன்றாகத் தெரியும். சொல்லமாட்டார். சொன்னால் பையனுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்ற நல்லெண்ணம். பையனுக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

வேலைக்குச் சேர்த்தபோது அவர் ஒரு கடிதம் எழுதி, வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கி ஃபைலில் வைத்திருந்தார். 'எனது கண்களைக் காரணம் காட்டி ஒருநாளும் விடுப்போ சலுகையோ கோரமாட்டேன். கோரினால் என்னை முன்னறிவிப்பின்றி வேலையிலிருந்து நீக்கலாம்.' ஒரே ஒரு முறைதான் வாசித்தார். கன்னியப்பனுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதற்கு முன் பதினோரு கம்பெனியில் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவன் அவன்.

அன்றிலிருந்து மூன்று வருடம் ஒருநாள்கூட லீவு போட்டதில்லை. மற்றவனுக்குக் காய்ச்சல் வந்தால் அது வெறும் காய்ச்சல். இவனுக்கு வந்தால் 'பாவம், கண்ணு தெரியாதவன், எத்தனை நாள்தான் முடியும்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். சளி, பல்வலி, முதுகுப் பிடிப்பு எல்லாம் போய்ச் சேரும் இடம் கண்தான். அதனால் எது வந்தாலும் வாயை மூடிக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவான். ஒருமுறை வயிற்றுப்போக்கோடும் வந்தான். அன்று கொட்டகையில் எல்லோருமே கஷ்டப்பட்டார்கள்.

எழுபத்து மூன்றாம் வருடம் ஐப்பசியில் எஸ்டேட்டுக்குள் மெட்ராஸ் ஐ நுழைந்தது. நோய்க்காரன் கண்ணைப் பார்த்தால் போதும், ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நின்றுபோனது. ஃபோர்மன் சுவரைப் பார்த்துத் திட்டினார். எதிரே வருபவனைக் காலை வைத்து அடையாளம் கண்டார்கள். அப்படியும் தினம் இரண்டு பேர், மூன்று பேர் என்று கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆளுக்கு மூன்று நாள் லீவு.

ராஜசேகரன் பயந்தாங்கொள்ளி. ஆனால் யோசிக்கத் தெரிந்த பயந்தாங்கொள்ளி. கன்னியப்பன் யாரையும் பார்ப்பதில்லை, ஆகவே அவனுக்கு இந்த நோய் வராது. வராதவனிடமிருந்து தனக்கும் வராது. இப்படிக் கணக்குப் போட்டு, தன் நாற்காலியைத் தூக்கி வரச்சொல்லி அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அவன் தடவிப் போட்ட போல்ட்டுகளை எடுத்து உருட்டுவார். அதே விரலால் கண்ணோரம் சொறிந்துகொள்வார்.

நோய்க்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கன்னியப்பன் கள்ளிக்குப்பத்திலிருந்து பக்கத்து வீட்டுத் துலுக்கானத்தின் தோள் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் வேலைக்கு வருவான். துலுக்கானம் ஞாயிற்றுக்கிழமை கண்ணைக் கசக்கி அந்தத் துண்டில்தான் துடைத்தான். புதன்கிழமை காலை கன்னியப்பனின் இமைகள் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டதுபோல எரிந்தது. மனைவி பஞ்சவர்ணம் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டம் கீது. லீவு போட்டுட்டுப் படுய்யா."

"இன்னான்னு சொல்லிப் போடறது?"

"கண்ணு வலின்னுதான்."

"அத்தச் சொல்லக்கூடாதுன்னுதானே கைநாட்டு வாங்கிக்கினாரு" என்றான் கன்னியப்பன்.

அவள் நந்தியாவட்டைப் பூவை ஈரத்தோடு கண்ணில் ஒற்றி எடுத்தாள். அவன் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பினான். வெளியாட்கள் பார்த்தால் சங்கடப்படுவார்கள் என்று முதல் நாளே கம்பெனி போடச்சொன்ன கண்ணாடி அது. ஊரில் கறுப்புக் கண்ணாடி போட்டவனைக் கண்டால் ஜனம் தெறித்து ஓடிய அந்த வாரத்தில், சந்தேகத்துக்கு ஆளாகாத ஒரே கறுப்புக் கண்ணாடி அவனுடையதுதான்.

கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. வேர்வை என்றான். தன் அவஸ்தையைவிட, பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் மனிதரை நினைத்துத்தான் அவனுக்கு உறுத்தியது. எப்படியாவது அவரைக் கிளப்பிவிட வேண்டும் என்று வியாழக்கிழமை பச்சைப் பூண்டை மென்றுவிட்டு வந்து அவர் பக்கமாகத் திரும்பியே மூச்சு விட்டான். பூண்டு நோயை அண்டவிடாது என்று ராஜசேகரன் மெச்சிக்கொண்டு நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் சுவரைத் தடவிக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். குமாஸ்தா லட்சுமணனும் கண் வலியில் வீட்டில் கிடந்தான். கன்னியப்பனைக் கூப்பிட்டார். பத்து நாளாகத் தான் ஒரு மனுஷன் முகத்தையும் பார்க்கவில்லை என்றும், அவன் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டே வந்தவர், சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினார்.

"கண்ணாடியைக் கழற்று."

கழற்றினான். அவர் ஒரு இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு கிட்டே குனிவது மூச்சில் தெரிந்தது. எத்தனை நாளாக என்று கேட்டார். மூன்று நாளாக என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

கன்னியப்பன் கடிதத்தை ஒப்பித்தான். 'எனது கண்களைக் காரணம் காட்டி' என்று தொடங்கி, எழுத்து பிசகாமல், அவர் வாசித்த அதே ராகத்தில், 'நீக்கலாம்' வரை சொல்லி முடித்தான். முடித்த பிறகுதான், தன் வேலைக்குத் தானே உலை வைத்துவிட்டோம் என்பது உறைத்தது. இனி பதின்மூன்றாவது வாசலைத் தேட வேண்டும்.

ராஜசேகரனுக்கு அதைவிட அவசரமான கவலை இருந்தது. பாரிமுனையில் இருக்கும் முதலாளிக்குப் போன் போட்டு, தனக்கு லீவு கேட்க வேண்டும். டெலிபோனில் எண் தெரியவில்லை. கன்னியப்பனையே சுற்றச்சொன்னார். அவன் அதுவரை டெலிபோனைத் தொட்டதில்லை. ஆனால் பத்து ஓட்டை என்றால் விரலுக்குப் பத்து ஓட்டைதான். அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல ஓட்டைகளை எண்ணிச் சுற்றிக் கொடுத்தான்.

முதலாளியின் குரல் ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. கண்ணுக்கெல்லாம் லீவு என்றால் கம்பெனியை யார் பார்ப்பது, முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்றது. ராஜசேகரன் எழுந்து நின்று பேசினார். மூணே நாள் சார், குடும்பம் இருக்கு சார், வேலையில் ஒரு குறையும் வராது சார் என்று கெஞ்சினார். கன்னியப்பன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குரல் அவனுக்குப் பழக்கமானது. பதினோரு வாசலில் அவனே பேசிய குரல் அது. ராஜசேகரன் மேல் அவனுக்கு முதன்முதலாகப் பரிதாபம் வந்தது.

ஒருவழியாக லீவு கிடைத்தது. அவர் ரிசீவரை வைத்துவிட்டு, அது சரியாக உட்கார்ந்ததா என்று தடவிப் பார்த்தார். பிறகு லீவு ரிஜிஸ்டரை எடுக்கச் சொன்னார்.

"நீயும் மூணு நாள் வராதே."

"வயித்து வலின்னு எழுதிக்கங்க சார்."

"எதுக்கு? எல்லாருக்கும் கண் வலின்னுதான் போட்டிருக்கு. உனக்கும் அதுதான்" என்று சொல்லி, குத்துமதிப்பாக இரண்டு வரியை அடைத்து எழுதினார்.

மூன்று நாளும் கன்னியப்பன் பாயில் படுத்துக் கிடந்தான். படுத்து என்ன செய்வது என்று தெரியாமல் முதல் நாள் எட்டு தடவை எழுந்து உட்கார்ந்தான். போகிற வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாசலில் நின்றபடியே, கண்ணு எப்படி கீது அண்ணாத்தே என்று விசாரித்தார்கள். இத்தனை வருடத்தில் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி. எரிச்சல் கொஞ்சம் தேவலை என்று பெருமையாகவே பதில் சொன்னான்.

வேலைக்குத் திரும்ப டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். எஸ்டேட் வாசலில் இருந்த டாக்டர் அந்த வாரம் நூறு பேருக்காவது எழுதியிருப்பார். இவனுக்கும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். லட்சுமணன் கேட்டில் நின்று ஒவ்வொன்றையும் வாங்கி உரக்கப் படித்துவிட்டு ஆளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தான்.

"கன்னியப்பன். இவரது இரு கண்களும் முழுவதுமாகக் குணமடைந்துவிட்டன" என்று படித்தவன் நிறுத்தினான்.

வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். துலுக்கானம் துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். கன்னியப்பனுக்கே அடக்க முடியவில்லை, எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான். சிரிப்பு ஓய்ந்ததும் லட்சுமணன் அடுத்த வரியையும் படித்து முடித்து, காகிதத்தை மடித்து, உள்ளே போகச் சொன்னான்.

கன்னியப்பன் நகரவில்லை. வரிசை காத்திருந்தது.

"அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னொரு தபா படிங்க சார்."

லட்சுமணன் காகிதத்தைப் பிரித்தான்.

"வேலைக்குத் தகுதியானவர்" என்று படித்தான்.