இடக்கை முடிச்சு

ஒட்டுப்பலகை ஆலையின் பின்சுவர் ஓரமாக நின்ற லாரியில், சுருட்டிய தார்ப்பாயைத் தோளில் வாங்கிக்கொண்டு அவள் ஏணியில் ஏறினாள். எடை நாற்பத்தைந்து கிலோ. ஐந்தாவது படியில் மூச்சு வாங்கியது. கீழே நின்ற கணவர் அவளைப் பார்க்காமல் ஆலை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாராவது வர்றாங்களா?”

“ஒரு நாய் வருது.”

“அது கம்பெனிக்குப் போய்ப் போட்டுக் கொடுக்காது. நீங்க மனுஷங்களைப் பாருங்க.”

பக்கப் பலகை இல்லாத தட்டு லாரி அது. எதை ஏற்றினாலும் பெல்ட் போட்டு இறுக்கி, மேலே தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் கயிறு கட்டியாக வேண்டும். பயிற்சியில் இருப்பவர்கள் முதல் அறுபது நாள் ஸ்டீயரிங்கை மட்டும்தான் தொடலாம், லோடின் மேல் ஏறக் கூடாது என்பது கம்பெனி விதி. ஏறி விழுந்தால் காப்பீடு கிடையாது. கட்டுவது டிரைவரின் வேலை. இங்கே பயிற்சியில் இருந்தவள் அவள். டிரைவர் கீழே நின்று நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினேழு வருடமாக அந்தக் கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறவர். அறுபதுக்கு மேல் வேகம் போக மாட்டார் என்பதால், கம்பெனி லாரிகள் நிற்கும் யார்டில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவருக்கே கொஞ்ச நேரம் ஆகும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மழை நாளில், நனைந்து கனத்த தார்ப்பாயை மேலே வீசும்போது வலது தோளுக்குள் ஏதோ அறுந்தது. அன்றிலிருந்து அந்தக் கை மார்புக்கு மேல் போகவில்லை. ஸ்டீயரிங் பிடிக்கலாம், கியர் போடலாம். சட்டை மாட்ட முடியாது, தலை வார முடியாது, தார்ப்பாய் போடவே முடியாது. ஆபரேஷன், பிறகு ஆறு மாதம் ஓய்வு என்றார் டாக்டர். கை தூக்க முடியாத டிரைவரின் பெயரைக் கம்பெனி மறுநாளே பட்டியலிலிருந்து எடுத்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் ஆறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். உரிமம் கையில் இருந்தது. அந்த வேலையை விட்டுவிட்டு, கணவரிடமே பயிற்சிக்குச் சேர்ந்துகொண்டாள். தேர்வில் தேறினால் இருவரும் ஒரே லாரியில் இரட்டை ஓட்டுநர். தூர ஓட்டங்களுக்குக் கணவன் மனைவியாக வருகிறவர்களைக் கம்பெனி விரும்பியே எடுத்தது. அவர் ஓட்டுவார், அவள் ஏறிக் கட்டுவாள். தோளைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விட வேண்டியதில்லை. அவர்களிடம் இருந்த ஒரே திட்டம் இதுதான்.

அவர் கீழே நின்று சொல்லச் சொல்ல அவள் மேலே கட்டிக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு இடக்கைப் பழக்கம். அவர் சொன்ன முடிச்சு அவள் கையில் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழுந்தது. இழுத்துப் பார்த்தார். இம்மியும் நகரவில்லை.

“என்னோடதைவிட இறுக்கமாத்தான் இருக்கு” என்றார். “இருபது வருஷமா என்னைக் கட்டி வெச்ச கை. கேக்கணுமா?”

அவள் மேலிருந்து ஒரு கயிற்றுத் துண்டை அவர்மேல் வீசினாள்.

அறுபது நாள் முடிந்ததும் யார்டில் ஐந்து நாள் கட்டும் பயிற்சி. ஆறாம் நாள் தேர்வு. அன்று காலை கேபினில் அவர் தலையைக் குனிந்து கொடுக்க, அவள் வாரிவிட்டாள். வகிடு எடுக்கும்போது அவர் தணிந்த குரலில் சொன்னார்.

“வேகமாக் கட்டிடாதே. அஞ்சு நாள்ல கத்துக்கிட்டவ மாதிரி கட்டு. கயிறைக் கீழ போடு, வியர்வையைத் துடை. ஒரு முடிச்சைத் தப்பாப் போட்டு வை. ஒண்ணுக்கெல்லாம் ஃபெயில் பண்ண மாட்டாங்க.”

“தப்பா எப்படிப் போடுறது?”

அவர் யோசித்தார். வலது கை விரல்களை மடியில் வைத்தே ஒரு முறை அசைத்துப் பார்த்தார்.

“எனக்கும் தெரியலையே” என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சீப்பு வகிட்டைவிட்டு எங்கோ போனது.

தேர்வுக்கு நின்ற லாரியில் உண்மையான லோடு. பதினாறு கட்டு ஒட்டுப்பலகை, மதியம் இன்னொரு டிரைவர் எடுத்துக்கொண்டு போகப்போவது. யார்டு சூப்பர்வைசர் கையில் அட்டையும் பேனாவுமாக நிழலில் நின்றார். வேலை தெரிந்தவர், அதிகம் பேசாதவர். முக்கால் மணி நேரம் கொடுத்தார். நிதானம் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே, மற்ற டிரைவர்களோடு நின்றார்.

அவர் சொன்னபடியே அவள் செய்தாள். பெல்ட் கொக்கியை ஒரு முறை தவறவிட்டாள். கயிற்றைக் கீழே போட்டு இறங்கி எடுத்தாள். நாலாவது முடிச்சை மட்டும் பாதிச் சுற்றில் விட்டுவைத்தாள். நாற்பது நிமிடத்தில் கீழே வந்து, “முடிஞ்சுது சார்” என்றாள்.

சூப்பர்வைசர் அட்டையில் எழுதக் குனிந்தார். அப்போது காற்று அடித்தது. நாலாவது முடிச்சு இருந்த மூலையில் தார்ப்பாய் ஒரு முறை எழும்பித் தட்டில் அடித்தது. அந்த லாரியை எடுத்துப் போக வேண்டிய டிரைவர் நெடுஞ்சாலைக்குப் போகிற ஆள். பின்னால் பைக்குகள் வரும், பள்ளிப் பேருந்துகள் வரும். தார்ப்பாய் மறுபடியும் அடித்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஒரு நிமிஷம் சார்.”

ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தாள். முழங்காலைத் தட்டின் விளிம்பில் ஊன்றி, இடக்கையால் ஒரு சுற்று, உள்ளே ஒரு மடிப்பு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து ஓர் இழுப்பு. மூச்சு விடும் நேரத்துக்குள் முடிந்தது. கை ஓயவில்லை. பக்கத்து இரண்டையும் அதே வேகத்தில் அவிழ்த்துக் கட்டியது. திரும்பியபோது யார்டில் எல்லோரும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூப்பர்வைசர் லாரியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு முடிச்சிலும் விரல் வைத்து அழுத்தினார். பிறகு யார்டின் மறுமுனைக்கு நடந்தார். அங்கே நிதானத்தின் லாரி, நேற்றுக் கட்டிய லோடோடு நின்றது. அதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்.

“கட்டு பிரமாதம்மா. நீங்க பாஸ்.” அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடவில்லை. “நிதானம், உன் வண்டியில ரெண்டு மாசமா முடிச்செல்லாம் இடது பக்கமாத் திரும்பியிருக்கு. என்னடா இதுன்னு யோசிச்சுட்டே இருந்தேன்.”

தரையில் சுருட்டிக் கிடந்த ஒரு தார்ப்பாயைப் பேனாவால் காட்டினார்.

“அந்தத் தார்ப்பாயைத் தூக்கு, பார்க்கலாம்.”

நிதானம் கோட்டைத் தாண்டி வந்தார். குனிந்து, இடது கையாலும் உடம்பாலும் தார்ப்பாயை மார்புவரை கொண்டுவந்துவிட்டார். அதற்கு மேல் போகவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. அவள் ஓடிவந்து தாங்கப் போனாள்.

“நீங்க தள்ளி நில்லுங்கம்மா.”

மற்ற டிரைவர்கள் டயரைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். அவர் அதைக் குழந்தையை ஏந்துவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“வெச்சிடுப்பா” என்றார் சூப்பர்வைசர். குரலில் கடுமை இல்லை. “எனக்கு மேலயும் ஆளு இருக்கு.”

மாலைக்குள் முடிவு வந்துவிட்டது. லாரி அவளுக்கு. இரட்டை அல்ல, ஒற்றை ஓட்டுநர். ஒரு வருடத்துக்குப் பயிற்சிக் கால அரைச் சம்பளம். அவருடைய பெயர் பட்டியலில் இல்லை. தோள் போன அன்றைக்கே விபத்து என்று எழுதிக் கொடுக்காததால் சிகிச்சைச் செலவும் இல்லை.

வீட்டில் அவள் அவருடைய சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது அழுதுவிட்டாள். “அந்த முடிச்சை அப்படியே விட்டுட்டு வந்திருக்கணும். நானே உங்க வேலைக்கு உலை வெச்சுட்டேன்.”

“விட்டுட்டு வந்திருந்தா நானே போய் அவுத்துக் கட்டியிருப்பேன். முடியாத கையை வெச்சுக்கிட்டு எல்லார் முன்னாடியும் திண்டாடியிருப்பேன்.”

“வேலை வேணாம்னு சொல்லிடவா?”

“சொல்லிட்டு? ரெண்டு பேரும் மூஞ்சியை மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கவா? உன் மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா அதை வெச்சு அடுப்பு எரியாது.” இடது கையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். “பதினேழு வருஷத்துல என் வண்டியிலேருந்து ஒரு பலகை விழுந்ததில்லை. அந்தப் பேரை இன்னிக்கு நீ காப்பாத்தினே. போ, போய்த் தூங்கு.”

மறுநாள் காலை அவரும் கூடவே யார்டுக்கு வந்தார். கம்பெனிப் பொருள்களைத் திருப்பிக் கொடுத்தால்தான் கணக்கு முடிப்பார்களாம். ஆபீஸ் ஜன்னலில் எழுத்தர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். ஹெல்மெட், கையுறை, பளபளக்கும் மேல்சட்டை. எல்லாவற்றையும் வைத்தார்.

“ஷூவும் இருக்குண்ணே” என்றார் எழுத்தர், தலையைத் தூக்காமல்.

“போட்டுட்டு வந்துட்டேனே. நாளைக்குக் கொண்டாந்து தரட்டுமா?”

“நாளைக்கு உங்களை உள்ள விட மாட்டாங்கண்ணே.”

அவர் சுவரில் சாய்ந்து, ஒற்றைக் கையால் ஷூக் கயிற்றை அவிழ்த்தார். அவள் குனிய வந்தபோது, “நீ வண்டியை எடு, நேரமாச்சு” என்று அனுப்பிவிட்டார்.

கேட் குறுகல். வாட்ச்மேன் ஒரு கதவைத்தான் திறந்தார், இன்னொன்றின் கீல் போன வாரம் உடைந்திருந்தது. அவள் பிரேக்கை மிதித்தபடி கண்ணாடியில் பார்த்தாள். நிதானம் காலுறையோடு ஜல்லியில் நடந்து பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். ஒரு காலைத் தூக்கி, குத்திய கல்லைத் தட்டிவிட்டார்.

“வா” என்று இடது கையை ஆட்டினார். “வா, வா... ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடி... இன்னும் நாலு விரக்கடை இருக்கு, பயப்படாம வா...”