ஈரச்சாக்கு

அடுகோடியில் எங்கள் யார்டில் போர்வெல் மோட்டார் போடும்போது இன்னும் இருட்டு கலைந்திருக்காது. அந்த நேரத்துக் குளிரில் ரப்பர் குழாய் கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கும். அதைத் தோளில் தூக்கி டேங்கர் வாயில் திணிக்க இரண்டு ஆள் வேண்டும். அன்றைக்கு முனிராஜ் ஒற்றை ஆளாய்த் தூக்கிக்கொண்டிருந்தான். அவனோடு சேர்ந்து தூக்குகிற பாலகுமார் ஆஸ்பத்திரியில் கிடந்தான். முந்தின நாள் மத்தியானம், முனிராஜ் ஓட்டிய வண்டியின் டேங்கர் சக்கரம் பாலகுமார் பாதத்தின்மேல் ஏறிவிட்டது.

நான் அந்த யார்டில் வண்டி ரிப்பேர் பார்க்கிற மேஸ்திரி. அங்கே இருந்ததெல்லாம் ஏர் உழுத டிராக்டர்கள். ஆனேக்கல் பக்கம் நிலமெல்லாம் பிளாட் ஆனதும், கிழடு தட்டிப்போன வண்டிகளைச் சந்தானம் முதலாளி சல்லிசாக வாங்கி வந்தார். பின்னால் தண்ணீர் டேங்கரை மாட்டினார். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குடிவந்த கட்டடங்களுக்கெல்லாம் குழாயில் தண்ணீர் வராது. இந்தக் கிழட்டு வண்டிகள் இழுத்துப் போனால்தான் அவர்கள் குளிப்பார்கள்.

வண்டிகளுக்கு ஒரே நோவுதான். காலையில் ஐடிலிங் அருமையாய் நிற்கும், ஆக்சிலேட்டரை மிதிக்காமலே அணையாமல் ஓடும். வெயில் ஏறி இன்ஜின் சூடானதும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உடம்பு நடுங்கி அணைந்துபோகும். திரும்ப ஸ்டார்ட் ஆகாது. ஃபில்டரை மாற்றிப் பார்த்தேன். டீசல் குழாயில் அடைந்த காற்றை எடுத்துவிட்டேன். டேங்க் மூடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்தேன். டீசலைப் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் சரி. கடைசியில் சூடாய்க் கிடந்த டீசல் பம்பின்மேல் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். உடனே பிடித்துக்கொண்டது. பம்பு உள்ளே தேய்ந்துவிட்டது. சூட்டில் டீசல் இளகி உள்ளேயே கசிகிறது. வேகமாய் ஓடும்போது தெரியாது. மெதுவாய் ஓடும்போது இன்ஜினுக்குப் பத்தாது.

பம்பு ஏன் தேய்ந்தது? முதலாளி டீசலில் ரேஷன் சீமெண்ணெய் கலக்கிறார். டேங்கைத் திறந்தாலே நீலமாய்த் தெரியும். பம்புக்கு டீசல்தான் எண்ணெய்ப்பசை. சீமெண்ணெயில் அது ஏது?

"பம்பு மாத்தணும் மொதலாளி."

"தண்ணி ஊத்தினா ஓடுதில்ல?"

"ஓடுது."

"நம்ம தொழிலே தண்ணி. ஊத்து."

அப்படித்தான் ஈரச்சாக்கு வந்தது. பம்பைச் சுற்றிக் கோணிச்சாக்கைக் கட்டி, போகிற வழியெல்லாம் டேங்கர் தண்ணீரையே பிடித்து நனைத்துக்கொண்டு ஓட்டினார்கள். நிறுத்துகிற இடத்தில் இன்ஜினை அணைப்பதில்லை. கை ஆக்சிலேட்டரைத் தூக்கி வைத்து உறும விட்டார்கள். டீசல் வீணாகிறது என்று முதலாளி அந்தக் கை ஆக்சிலேட்டரையும் கட்டிப்போடச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். தன் கையாலேயே இரும்புக் கம்பி போட்டு முறுக்கினார்.

முந்தின நாள் தண்ணீர் போனது கோரமங்களா தாண்டி ஒரு புதுக் கட்டடத்துக்கு. கேட்டுக்கு முன்னால் செங்குத்து மேடு. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்வரை முனிராஜ் நடுமேட்டில் கிளட்ச்சைப் பாதி மிதித்து, இன்ஜின் இழுப்பிலேயே வண்டியைப் பிடித்திருந்தான். சக்கரத்துக்குக் கல் வைக்கப் பாலகுமார் பின்னால் குனிந்தான். சாக்கு அப்பளமாய்க் காய்ந்திருந்தது. இன்ஜின் அணைந்தது, வண்டி பின்னால் உருண்டது. டேங்கர் நிறையத் தண்ணீர், டேங்கருக்குப் பிரேக்கும் கிடையாது. டிராக்டர் பிரேக்கில் இரண்டு காலாலும் ஏறி நின்றேன் என்றான் முனிராஜ். நின்றிருப்பான். அது என்னத்தைப் பிடிக்கும்?

மறுநாள் காலை போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலாளி வந்துவிட்டார். என்னைத் தனியாய்க் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, இப்ப வண்டி பாக்க ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் வராரு. வண்டி கண்டிஷன்ல இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"கண்டிஷன்ல இல்லையே."

"இப்ப ஸ்டார்ட் பண்ணு, ஐடிலிங் நிக்குதா இல்லையா பாரு."

"இப்ப நிக்கும். குளிர்ல எந்த வண்டிதான் அணையும்?"

"அப்ப நிக்குதுன்னு சொல்லு. பொய் சொல்லச் சொல்லலியே நான்."

"முனிராஜ் என்ன ஆவான்?"

"பாத்து ஓட்டியிருக்கணும். கேஸ் அவன் மேல போவும். அதுக்கு நான் என்ன பண்றது? அத்திபெலேல பஸ் ஸ்டாண்டுல நின்னு கூப்பிட்டா டிரைவருங்க ஓடி வருவாங்க." அவர் என் ஷெட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நீ எங்க படுக்குற மேஸ்திரி?"

"இங்கதான். உங்க தகரத்துக்குக் கீழ."

"அதை மறந்துடாத."

இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சனியன் பிடித்த வண்டி, ஒரு துளி நடுங்காமல் ஓடியது. பக்கத்தில் போய்ச் சொன்னேன். "சாமி, மத்தியானம் ஒருதரம் வந்து பாருங்க. சூடானாத்தான் இதோட நோவு தெரியும்."

"ஆயித்து, ஆயித்து" என்று, ஆச்சு ஆச்சு என்பதைக் கன்னடத்தில் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே அவர் எழுதினார். வண்டியில் குறையில்லை என்று எழுதியதை முதலாளிக்குப் படித்துக் காட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். அவரை நான் குறை சொல்லி என்ன? இந்த ஊரில் பேனா பிடித்தவன் எவனும் வெயில் ஏறும்வரை நின்றதில்லை.

ஜீப் போன கொஞ்ச நேரத்தில் பாலகுமார் பெண்சாதி சரளா வந்தாள். நீலசந்திராவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. கையில் ஒயர்கூடை. எல்லா டிரைவர்களும் அவளைச் சுற்றி நின்றார்கள். முனிராஜ் மட்டும் டேங்கருக்குப் பின்னால் நின்றான்.

"பாதத்தை எடுக்கணும்ங்கறாங்க" என்றாள்.

அவள் டேங்கர் பக்கம் திரும்பினாள்.

"முன்னால வா முனிராஜு. உன்னை அடிக்க வரல. ஒண்ணு கேக்கறேன். சூடானா இது நின்னுபோகும்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் சாக்கைச் சுத்திக்கிட்டு ஓட்டுனீங்க."

"நாங்க ஓட்டலன்னா வேற ஆள் வைப்பாருக்கா."

"வேற ஆளுக்கு மட்டும் இரும்புலயா கால் இருக்கு?"

அது என்னைக் கேட்ட கேள்வி இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. கொடி பிடிக்கிறவர்களை நான் நம்பியதில்லை. முன்னால் நான் வேலை பார்த்த பஞ்சாலையை மூடியபோது எங்களைக் கேட்டில் நிற்கவைத்துவிட்டுப் பின்வாசலில் போய்க் கையெழுத்துப் போட்டவன் சங்கத் தலைவன்தான். அதற்குப் பிறகு நாலு பேர் கூடி நின்றாலே ஒதுங்கிப் போய்விடுவேன். அன்றைக்கு ஒதுங்க இடமில்லை. முனிராஜின் வண்டியிலிருந்து சாக்கை அவிழ்த்து மண்ணில் போட்டேன்.

"இனிமே எந்தப் பம்புக்கும் நான் சாக்குக் கட்ட மாட்டேன். கட்டுறவன் கட்டிக்கோ."

ஒருவனும் கட்டவில்லை. ஒவ்வொருவனாய்ப் போய் அவனவன் சாக்கை அவிழ்த்தான். முனிராஜ் கட்டிங்பிளேயரை எடுத்து, முதலாளி முறுக்கிய இரும்புக் கம்பியை வண்டி வண்டியாய்ப் போய் நறுக்கினான்.

முதலாளி ஆபீஸ் ரூமிலிருந்து ஓடி வந்தார். "என்னய்யா இது? எட்டு மணிக்குத் தண்ணி போகணும்."

"போகாது மொதலாளி" என்றான் முனிராஜ். "பாலகுமார் அண்ணன் வைத்தியம் மொத்தமும் நீங்க பாக்கணும். வண்டியில பழுதுன்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லணும். பம்பு மாத்தணும். அப்புறம்தான் வண்டி எடுப்போம்."

"யாருடா சொல்லிக் குடுத்தது? இந்தக் கிழவனா? ஊர் விட்டு ஊர் வந்து நிக்கிறானுங்களே, நம்ம தமிழாளுங்களாச்சேன்னு சேத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"சீமெண்ணெய் ஊத்தறப்ப இது தமிழ் டிராக்டர், இது கன்னட டிராக்டர்னு பாத்தா ஊத்துனீங்க?" என்றேன்.

எவனோ சிரித்துவிட்டான். முதலாளி முகம் கறுத்துப்போனது. "மேஸ்திரி, உன் மூட்டையைக் கட்டு."

"மூட்டையெல்லாம் எதுக்கு, ஒரு போர்வைதான். அப்புறம் கட்டிக்கறேன்."

அவர் உள்ளே போய் போனில் கத்தினார். நாங்கள் குழாய்களைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய சரளாவும் போகவில்லை. ஆபீஸ் போன் நிற்காமல் அடித்தது. தண்ணீர் கேட்டு ஒவ்வொரு கட்டடமாய்க் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

வெயில் சுள்ளென்று ஏறியபோது அத்திபெலேயிலிருந்து டெம்போவில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வேலைக்கு அலைகிற முகங்கள். அவர்களில் மூத்தவர் ஒரு மீசைக்காரர். எங்களைப் பார்க்காமலே நடந்து போய் முனிராஜின் வண்டியில் ஏறினார். முனிராஜ் எழுந்தான். அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அடித்துக்கொண்டால் யாருக்குக் கொண்டாட்டம் என்று எனக்குத் தெரியும்.

"ஓட்டு தம்பி" என்றேன் அந்த ஆளிடம். "ஆனா இன்ஜின் நல்லா சூடாகட்டும். அப்புறம் ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்துப் பாத்துட்டுக் கெளம்பு."

அவர் என்னைச் சந்தேகமாய்ப் பார்த்தார். ஆனாலும் ரேஸ் பண்ணி உறும விட்டுக் காத்திருந்தார். காலை எடுத்தார். வண்டி நடுங்கியது. கரும்புகையைக் கக்கி அணைந்தது. செல்ஃபை அழுத்தி அழுத்திப் பார்த்தார், பிடிக்கவில்லை.

"ஏன் இப்படி நிக்குது?"

சரளா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "நேத்து மேட்டுல இப்படித்தான் நின்னுச்சு. என் வீட்டுக்காரரு பின்னால கல்லு வெச்சிக்கிட்டு இருந்தாரு. இனிமே அவருக்கு ஒரு பாதம்தான்."

மீசைக்காரர் திரும்பி டேங்கர் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

"ஏன் இறங்கற?" என்றார் முதலாளி.

"யஜமான்ரே, நானும் மேட்டுலதான் ஏறணும். எனக்கும் ஒருத்தன் பின்னால நின்னு கல்லு வெக்கணும்."

"பஸ்ஸுக்குக்கூட சல்லிக்காசு தரமாட்டேன்."

"நடந்து போறோம். புதுசா?"

முதலாளி ஸ்டேஷனுக்குப் போன் பண்ணப் போனார். கேஸ் இன்னும் முனிராஜ் மேல்தான் இருந்தது. பாலகுமார் பாதத்தை அன்று சாயங்காலம் எடுக்கப்போவதாய்ச் சரளா சொன்னாள். பம்பு ஒன்றுகூட மாறவில்லை.

மீசைக்காரரும் அவருடைய ஆட்களும் போகாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். சாயங்காலம் வேறு விலை பேசினால் இவர்கள் வண்டி ஏறுவார்களோ என்னவோ. என்னால் சொல்ல முடியாது. இருந்தாலும் குழாயின்மேல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க? உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.