மரப்பிடி ஊசி

முதல் நாளே அவள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. சார்ஜாவில் அந்தக் கால்நடை ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக எல்லாருக்கும் நான் ஜோதிமணி மேடம். வாசலில் நிற்கிற பட்டாணிய வாட்ச்மேன்கூட மேடம் என்றுதான் சொல்வான். இருபத்துநாலு வயதில் ஹாலிதா என்று ஒருத்தி வந்து ஒரே வார்த்தையில் என்னைக் கிழவியாக்கிவிட்டாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

கீழக்கரைக் குடும்பம், ஆனால் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். அவள் வாப்பாவுக்கு ரோலா கடைத்தெருவில் துணிக்கடை. தினமும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். நான் ஐந்து நர்சுகளோடு ஒரே ரூமில் கட்டில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்று, வேர்த்து வழிந்து வருவேன். என் வீட்டுக்காரரும் இரண்டு பிள்ளைகளும் கோவில்பட்டியில். அவர்கள் சாப்பாடு, படிப்பு எல்லாம் என் ஒரு விசாவில்தான் ஓடியது.

எங்கள் கூடத்துத் தலைவர் டாக்டர் விஜயபாஸ்கர் அவளை எடுத்தது 2006 செப்டம்பரில், மரபணு வேலைக்கு. செம்மறி ஆடு, ஒட்டகம், அவற்றை மேய்க்கிற ஆட்கள், இந்த மூன்று குடலிலும் மயிர் மாதிரி மெல்லிய புழு ஒன்று இருக்கிறது. மூன்றும் ஒரே ஜாதியா, வேறு வேறா என்பதுதான் ஆராய்ச்சி. ஆண் புழுவின் வாலில் இருக்கிற இரண்டு முள்ளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.

"கண்ணால பாத்தா இப்பல்லாம் பத்தாதும்மா, ஜீன்ல பாக்கணும்" என்றார் டாக்டர். பதினோரு வருடமாக என் கண்ணை நம்பித்தான் ஐயா கட்டுரை போட்டார். இப்போது பத்தவில்லையாம்.

அவளுக்கு ஏசி போட்ட தனி அறை, புது மெஷின், புது கம்ப்யூட்டர். நான் பழைய மேஜையிலேயே கிடந்தேன். காலையில் அறுப்புக்கூடத்திலிருந்து செம்மறி ஆட்டுக் குடல் வரும். அதில் முதலில் பொறுக்குவேன். அடுத்து ஒட்டகம். கடைசியாக, பூச்சி மருந்து கொடுத்து ஆஸ்பத்திரியில் எடுத்து அனுப்புகிற ஆட்களுடைய புழு. ஒவ்வொன்றையும் ஊசியால் எடுத்துத் தனித்தனி ஸ்பிரிட் குப்பியில் போட்டு ஹாலிதாவிடம் கொடுக்க வேண்டும். அந்த மரப்பிடி ஊசி என்னுடையது, ஊரிலிருந்து கொண்டுவந்தது. யாரையும் தொட விடமாட்டேன். ஒரு புழு எடுத்தால் பஞ்சில் ஒரு துடை, பிறகு அடுத்த புழு.

அவளுக்கு ரிசல்ட் உருப்படியாக வரவில்லை. ஒட்டகப் புழுவின் ஜீனைப் படித்தாலும் மனிதன் புழுவின் ஜீனைப் படித்தாலும் கூடவே செம்மறி ஆட்டுப் புழுவும் கலந்து வந்தது. திரும்பத் திரும்பச் செய்தாள். கண் சிவந்து போயிற்று. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஒரு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன்.

"ஒட்டகம்னு நான் எழுதிக் குடுத்ததுல ஆடு எப்படி டாக்டர் வரும்? அந்தப் புள்ளைக்குச் சுத்தம் பத்தாது" என்று போட்டும் கொடுத்தேன்.

டாக்டர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "நவம்பர் கடைசி வியாழன் வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா வேற ஆள் எடுத்துருவேன்." நான் என் காலண்டரில் அந்த வியாழனைச் சுழித்து வைத்தேன்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நாள் என் மேஜையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. ஒரு தடவை உபயோகித்துவிட்டு எறிகிற ஊசிகள், நூறு. "உங்களுக்காக வாங்கினேன் ஆன்ட்டி. ஒரு புழுவுக்கு ஒண்ணு. ஈஸியா இருக்கும்" என்றாள்.

"எனக்கு என் ஊசி போதும், நீ ஒன் சோலியப் பாரு" என்று பெட்டியை டிராயருக்குள் தள்ளி மூடினேன். அவள் தன் அறைக்குப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலையில் டாக்டர் என்னைத்தான் அனுப்பினார். "ஹாலிதாவோட நோட்டை எடுத்துட்டு வாங்க. இன்னிக்கு முடிச்சிரலாம்." எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் டாக்டர் அறையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் ஏசி அறைக்குள் போய் நோட்டைப் புரட்டினேன், அவள் தப்பை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று.

ஒரு பக்கத்தில் நாலே வரி. 'வெறும் தண்ணீர்: ஒன்றுமில்லை. ஸ்பிரிட்: ஒன்றுமில்லை. புதுக் குப்பி: ஒன்றுமில்லை. ஜோதிமணி ஆன்ட்டி ஊசியை முக்கியெடுத்த தண்ணீர்: செம்மறிப் புழு.' தேதியைப் பார்த்தேன். அந்தப் பெட்டி என் மேஜைக்கு வந்ததற்கு முதல் நாள். நான் பஸ்ஸுக்குப் போன பிறகு ஊசியை எடுத்திருப்பாள்.

பஞ்சில் துடைத்தால் கண்ணுக்குத்தான் சுத்தம். காலையில் தொட்ட ஆட்டுப் புழுவை நாள் முழுக்க எல்லாக் குப்பியிலும் நானே தடவிக் கொடுத்திருக்கிறேன். சுத்தம் பத்தாதது யாருக்கு?

அந்தப் பக்கத்தைக் கிழித்தேவிட்டேன். ஆமாம், பாதி கிழித்தேன். யாருக்குத் தெரியப்போகிறது, மத்தியானம் அவள் போய்விடுவாள். ஆனால் அந்த 'ஆன்ட்டி' கண்ணில் பட்டது. நோட்டில், யாரும் பார்க்காத இடத்தில்கூடப் பெயரோடு மரியாதையாக எழுதியிருக்கிறாள், பாவி!

நோட்டையும் ஊசியையும் கொண்டுபோய் டாக்டர் முன்னால் வைத்தேன். "கோளாறு அவகிட்ட இல்ல டாக்டர். இதுல. என்கிட்ட."

டாக்டர் கிழிசலைத் தடவிக்கொண்டே அந்தப் பக்கத்தைப் படித்தார். ஹாலிதா வேலையில் தொடரலாம் என்றார். என் விசாவைப் பற்றி ஜனவரியில் பேசிக்கொள்ளலாம் என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்தேன். "தெரிஞ்சும் ஏன்டி ரெண்டு வாரமா வாயை மூடிக்கிட்டு இருந்தே?"

"எனக்கு இந்த வேலை போனா வாப்பா வேற எடம் பாப்பாங்க ஆன்ட்டி. உங்களுக்கு இதுதானே இருக்கு."

கேலியாகச் சொல்லியிருந்தால் ஓர் அறை விட்டிருப்பேன். அவள் கேலி செய்யவில்லை. மூன்று மாதமாக நான் அவளோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். அவளோ என்னைப் போட்டியாகவே நினைக்கவில்லை. பாவம் பார்த்திருக்கிறாள்.

என் மேஜைக்குப் போய் டிராயரைத் திறந்தேன். அன்றைய ஒட்டகக் குடல் காத்திருந்தது. ஓர் ஊசியை உறையிலிருந்து பிரித்து ஒரு புழுவை எடுத்துக் குப்பியில் போட்டேன். ஊசியைக் குப்பையில் எறிந்துவிட்டு அடுத்ததைப் பிரித்தேன்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று குப்பிகளை வாங்கிக்கொண்டு அவள் ஏசி அறைக்குப் போனாள். எனக்கு வயிறு எரிந்தது, முன்னைவிட அதிகமாக.