மைனஸ் ஐந்து கோழிகள்

மேகலாவின் விடைத்தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 47 – 35 = 12.

கேள்வி நான் எழுதியது. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் எச்.ஆர். ஆபீசர் நான். ஒரு பண்ணையில் கோழியும் ஆடும் சேர்த்து 35 தலை, 94 கால், ஆடு எத்தனை? பன்னிரண்டு சரிதான். ஆனால் x இல்லை, y இல்லை. நாற்பத்தேழு எங்கிருந்து வந்தது? பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய ஆல்வின் டிப்ளமோ படித்தவன். பக்கம் முழுக்கச் சமன்பாடு எழுதி, அதே பன்னிரண்டைக் கொண்டுவந்திருந்தான்.

இந்தத் தேர்வை வைத்து சூப்பர்வைசர் பயிற்சிக்கு எடுப்பவர்களின் பட்டியல் மதியத்துக்குள் மேனேஜருக்குப் போக வேண்டும். மேகலா ஒன்பது வருடமாகத் தையல் மெஷினில் இருப்பவள். இதை விட்டால் அடுத்த வாய்ப்பு எப்போதோ. தாளை எடுத்துக்கொண்டு நேரே தையல் லைனுக்குப் போனேன். தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

“ஆல்வினைப் பாத்து எழுதினியாம்மா?” மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேன். நாற்பது பெண்கள் நிமிர்ந்தார்கள்.

“இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க?” என்றாள் மேகலா. “ஷூ தைக்கறவளுக்குக் கால்னா ஜோடிதான? தொண்ணூத்தி நாலு கால், நாப்பத்தேழு ஜோடி. தலைக்கு ஒரு ஜோடி குடுத்தா முப்பத்தஞ்சு போச்சு. மிச்சம் பன்னெண்டு ஜோடி ஆட்டோட பின்னங்காலு.”

புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. டார்கெட் எழுதும் போர்டில் வாய்க்கு வந்த எண்களை எழுதினேன்: 30 தலை, 130 கால். “எங்க, இதைப் போடு.”

“அறுபத்தஞ்சு ஜோடி...” என்று தொடங்கியவள் நிறுத்தினாள். “சார், இருக்கறதே முப்பது தலை. ஆடு மட்டும் முப்பத்தஞ்சு வருதே?”

“ஆட்டுக்கு அஞ்சு கால் வெச்சிட்டீங்களா ஜெயசீலன் சார்?” கடைசி மெஷினிலிருந்து கண்ணம்மாள். லைன் முழுக்கச் சிரிப்பு ஓடியது.

நான் விடவில்லை. x, y போட்டேன். கோழி, மைனஸ் ஐந்து. என் கையெழுத்தில், அத்தனை பேர் முன்னால். உள்ளங்கையாலேயே அழித்தேன். காது இரண்டும் சுட்டன.

“சரி, ஆபீசுக்கு வாங்க, பேசிக்கலாம்.” ‘வாங்க’ என்பது என் வாயில் அப்போதுதான் வந்தது.

மேகலா எழுந்திருக்கவில்லை. “பாத்து எழுதினேன்னு இங்கதான கத்தினீங்க? இல்லன்னும் இங்கியே சொல்லிட்டுப் போங்க சார்.”

தரையைப் பார்த்துச் சொன்னேன். “மேகலா பாத்து எழுதல. தப்பு என்னுது. லிஸ்ட்ல அவங்க பேரு போகும்.”

“கேக்கல சார்!” என்றாள் கண்ணம்மாள்.

யாரோ மெஷினை நிறுத்தினார்கள். அடுத்ததும் நின்றது. ஒவ்வொன்றாக லைன் முழுவதும் அடங்கியது. நான் தலையை நிமிர்த்தி, முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.