இன்னொரு தடவை கூப்பிடு

செத்தவனுக்குச் சட்டை போடுவது லேசான வேலை இல்லை. கை சொன்ன பேச்சைக் கேட்காது. அக்காக்காரி தம்பியின் வலது கையை எப்படியோ உள்ளே நுழைத்துவிட்டு, முதுகை ஒரு பக்கமாகத் தூக்கி, இடது கைக்குத் துணியை இழுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை அள்ளிப் போட்டுக் காய்ப்பு ஏறிய தோள்தான். ஆனாலும் மூச்சு வாங்கியது.

"விடுடி, நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் சித்தி.

"வேணாம் சித்தி. சின்னதுலேர்ந்தே இவனுக்கு யாரு சட்டை போட்டாலும் ஆகாது, என்னைத் தவிர."

சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டாள். "நீ இன்னும் ஒரு சொட்டு அழலை. நெஞ்சுல கட்டிக்கும்டி. ஒரு வாய் அழுதுடு."

"வேலை கெடக்கு."

ஈரல் கெட்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவன், விடியும் முன் போய்விட்டான். பெற்றவர்கள் இல்லை, கட்டினவள் இல்லை. அக்கா வீட்டுக் கூடத்தில்தான் கட்டில், அக்கா கையால்தான் கஞ்சி.

அவன் பார்த்த வேலையை அவளால் யாருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை. வீடியோ கேமுக்கு இசை போடுகிறான் என்பாள். ஓடினால் ஓர் இசை, ஒளிந்தால் ஓர் இசை, அடி வாங்கினால் இன்னொன்று. கடைசியாகச் செய்தது, எரிந்துபோன ஒரு நகரத்தை ஒருவன் தனியாகக் கடக்கிற கேம். அதன் இசையை ஆல்பமாகவும் வெளியிட்டார்கள். பாதி இவனுடைய இசை, பாதி ராக் பேண்டுகளின் பாட்டு. கேமைக் கையால் தொடாதவர்கள்கூட ஆல்பத்தை வாங்கினார்களாம்.

ஆல்பம் தயாராகிக்கொண்டிருந்தபோது அதில் ஒரு பாட்டைக் கொஞ்சம் கேட்டுவிட்டு அவள், "எங்க மிஷின்ல சில்லறை மாட்டிக்கிட்டா இப்படித்தாண்டா கத்தும்" என்றாள். அவன் உருண்டு உருண்டு சிரித்தான். மறுவாரமே மைக்கைத் தூக்கிக்கொண்டு சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டான். மேற்பார்வையாளரிடம் கைகட்டி நின்று அனுமதி கேட்டு, பெரிய மிஷினுக்குள் சில்லறையைப் போட்டுச் சுற்றவிட்டு, அந்த இரைச்சலைப் பதிவு செய்துகொண்டு போனான். முதல் பாட்டின் தொடக்கத்தில் வருவது அதுதான். "எங்க மிஷினு பாடியிருக்கு" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுக்கவே இல்லை.

மீதிப் பாட்டுகளைக் கேட்கிறேன் என்றால் மட்டும் ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவான். "உனக்குப் பிடிக்காதுக்கா. ஒரே கத்தல்." படிக்காத அக்காவிடம் காட்டக் கூச்சப்படுகிறான் போல என்று அவள் விட்டுவிட்டாள்.

வாசலில் வேன் நின்றது. பேண்டுக்காரர்கள் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் கறுப்புச் சட்டை போட்ட பத்திருபது பிள்ளைகள், அழுது வீங்கிய முகங்களோடு. ஆல்பத்தின் ரசிகர்களாம். பாடகன் முடியை இடுப்பு வரை வளர்த்திருப்பான்; வீட்டில் அவனுக்கு முடியன் என்றே பெயர். தம்பியின் காலைத் தொட்டுவிட்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, ஆல்பத்தோட கடைசிப் பாட்டைப் போட்டுத்தான் இவனைத் தூக்கணும். அவனே சொல்லியிருக்கான். 'என்னை அந்தப் பாட்டோட அனுப்புங்கடா'ன்னு. இப்ப ஒரு தடவை போட்டுப் பாத்துக்கலாமா?"

"போடு. அவன் ஆசைன்னா போட வேண்டியதுதானே."

ஸ்பீக்கரை ஜன்னல் மேடையில் வைத்தார்கள். ஒற்றைக் கிடார் மெல்ல ஆரம்பித்தது. அப்புறம் டிரம்ஸ், இன்னும் இரண்டு கிடார். கண்ணாடி அதிர்ந்தது. சித்தி காதைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் உச்சத்துக்குப் போய், கத்தியால் வெட்டினதுபோல நின்றது. ஒரு பெண்குரல் மட்டும் வந்தது.

"எழுந்திரும்மா... தண்ணி ஆறுதும்மா... எழுந்திரும்மா..."

வாசலில் நின்ற பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினார்கள். தண்ணி ஆறுதும்மா. ஒருவருக்கும் பிசகவில்லை. அந்தக் குரல் எங்கே உடைந்ததோ, அங்கே அவர்கள் குரலும் உடைந்தது.

சட்டையின் இடது கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் அப்படியே நின்றன.

அம்மாவைக் குளிப்பாட்ட வெந்நீர் இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால், அம்மாவுக்கு மூச்சு இல்லை. அன்றைக்கு இதே வார்த்தையைச் சொல்லித்தான் அவள் கத்தினாள். தம்பி தலைமாட்டில் நின்றான். அசையவில்லை, விசும்பவில்லை, மூச்சுகூட விட்டானோ என்னவோ. எனக்காகத் துக்கத்தை விழுங்கிக்கொண்டு நின்றான் என் தம்பி என்று அப்புறம் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவள் தொண்டை கட்டி ஓய்ந்தபோது, அவன்தான் குனிந்து காதோரம் சொன்னான்.

"இன்னொரு தடவை கூப்பிடுக்கா. அம்மாவுக்குக் கேக்கும்."

கூப்பிட்டாள். மிச்சமிருந்த உயிரையெல்லாம் திரட்டிக் கூப்பிட்டாள்.

ஸ்பீக்கரில் இருந்தது அந்த இரண்டாவது தடவை. முதல் தடவை அவள் இப்படி இழுக்கவில்லை.

முடியன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கேட்டீங்களாக்கா? மேடையில இந்த எடத்துல நாங்க வாயே தெறக்க மாட்டோம், கூட்டமே பாடிடும். யாரோ நாடகக்காரம்மாவாம், அவன்தான் தேடிப் புடிச்சான். என்னா நடிப்பு!"

"நாடகக்காரம்மான்னு அவனா சொன்னான்?"

"ஆமாக்கா. மொதல் டேக் சரியா வரலையாம். ரெண்டாவதுதான் வச்சிருக்கேன்னு சொன்னான்."

அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். தாடையைக் கட்டியிருந்த துணிக்கு மேலே, ஒன்றும் அறியாத பிள்ளைபோல இருந்தது முகம். இரும்பு மிஷினுக்கு அனுமதி கேட்டவன். இவளிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? மாட்டாள். அது அவனுக்குத் தெரியும். அன்றைக்கு அசையாமல் நின்றது துக்கத்தால் இல்லை. சட்டைப் பையில் பதிவு ஓடிக்கொண்டிருந்த செல்போனில் தன் சத்தம் விழுந்துவிடக் கூடாதே என்று நின்றிருக்கிறான். அம்மாவுக்கு இவன் அழுதானா என்பதே இனிமேல் தெரியாது.

சித்தி காதிலிருந்து கையை எடுத்திருந்தாள். "ஏண்டி... இது உன் குரலாட்டம் இல்ல?"

"இல்ல சித்தி."

"தண்ணி ஆறுதும்மான்னு நீ..."

"எல்லார் வீட்டுலயும்தான் தண்ணி ஆறுது. யாரோ நாடகக்காரம்மாவாம், கேட்டீங்கல்ல?"

அவள் சட்டையின் கையை ஒரே இழுப்பாக இழுத்து மாட்டி, பொத்தான்களைப் போட்டாள். மூன்றாவது பொத்தான் அவள் கையோடு வந்துவிட்டது.

"பாட்டை நிறுத்து."

"இன்னும் முடியலக்கா, இனிமேதான் அவனோட பியானோ..."

"நிறுத்துன்னேன். தூக்கும்போதும் போடாதே."

"அவன் ஆசைக்கா."

"இந்த வீட்டுல அவன் கேட்டு நான் இல்லைன்னு சொன்னதே இல்ல தம்பி. இது ஒண்ணு இருக்கட்டும்."

முடியன் ஒன்றும் புரியாமல் போய் ஸ்பீக்கரை அணைத்தான்.

வண்டி வந்துவிட்டது என்றார்கள். சித்தி அவள் முதுகில் கை வைத்து, "இப்பவாவது அழுடி. இனிமே மொகம் பாக்கக் கெடைக்காது" என்றாள். அவள் தம்பியின் முகத்தருகே குனிந்தாள். கூப்பிட்டு அழ வாயைத் திறந்தாள்.

நிலைப்படியில் நின்ற ஒரு பெண், கண்ணில் நீர் வழிய, செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். கெட்ட பெண் இல்லை. அழுதுகொண்டேதான் எடுத்தாள்.

அக்காக்காரி வாயை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய இருங்க. சித்தி, நீங்களும்தான்."

கதவைத் தாழிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். மேசைமேல் தம்பியின் செல்போன் கிடந்தது. அணைத்தாள். அது போதவில்லை. அலமாரியைத் திறந்து, கம்பளிப் போர்வைக்குள் சுருட்டி வைத்துப் பூட்டினாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள்.

வெளியே சித்தி கதவில் காதை வைத்திருந்தாள்.

"அழறாளா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணுமே கேக்கலியே."

வண்டிக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்த பிறகு கதவு திறந்தது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போனாள். துண்டைத் தண்ணீர்த் தொட்டியோரம் முறுக்கிப் பிழிந்தாள். சலவைக்கூடத்துப் பழக்கத்தில் இரண்டு உதறு உதறி, சுருக்கம் நீவி, கயிற்றில் விரித்துப் போட்டாள். நடுவில் பல் பட்டுக் கிழிந்திருந்தது. கிழிசலை உள்பக்கமாக மடித்து, காற்றில் பறக்காமலிருக்க இரண்டு ஓரத்திலும் கிளிப் மாட்டினாள்.

"தூக்குங்க" என்றாள்.