நாற்பது நிமிடம், மூன்று வேளை

டாக்டர் சொன்னது பத்து நிமிடம்தான். "பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கு. தினம் காலையில பத்து நிமிஷம் கண்ண மூடி அமைதியா உக்காருங்க." பக்கத்திலிருந்து என் காதால் கேட்டேன். என் கணவர் அதை இருபதாக்கினார், பிறகு நாற்பதாக்கினார், பிறகு மூன்று வேளையாக்கினார். எதைப் பிடித்தாலும் அவருக்கு உடும்புப் பிடி.

எங்களுடையது இரண்டே அறை. படுக்கையறை அவர் தியானத்துக்குப் போய்விட்டது. சமையலறை டைமரை நாற்பதுக்குத் திருகி, கதவின் கைப்பிடியில் வெளிப்பக்கம் மாட்டிவிட்டு உள்ளே போவார். இன்னும் எவ்வளவு பாக்கி என்று நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நடுவில் யாராவது தட்டினால் மறுபடி முதலிலிருந்து நாற்பது. அந்தச் சட்டமும் அவர் போட்டதுதான். ஒருநாள் துண்டு எடுக்கத் தட்டிவிட்டு, அடுத்த நாற்பது நிமிடம் ஈரத்தலையோடு நின்றேன்.

நான் பஸ் ஓட்டுகிறவள். நாளெல்லாம் ஹாரன் சத்தத்தில் வெந்துவிட்டு வருகிறேன். அமைதி எனக்கு மட்டும் கசக்குமா? கேட்டால், "உனக்குப் பொறாமை" என்பார்.

அவரைப் பெற்ற என் மாமனார் வாயில்லாப் பூச்சி. தண்ணீர் வேண்டுமென்றாலும், "வேலை முடிஞ்சதும் குடும்மா, அவசரமில்ல" என்பார்.

அன்று மாலை ஷிப்ட் முடிந்து வந்தேன். மூடிய கதவுக்கு எதிரே ஸ்டூலில் மாமனார் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் துணிபோலக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"மாமா, எப்ப இருந்து இப்படி?"

"அப்ப டைமர் முப்பத்தஞ்சு காட்டுச்சும்மா," என்றார். நாக்கு குழறியது. "கை மரத்துப்போச்சு. தட்டினா பாவம், அவன் முதல்ல இருந்து உக்காரணும். இன்னும் ஒம்பதுதான்."

இருபத்தாறு நிமிடம். பெற்ற பிள்ளை ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் இருக்க, இந்த மனிதர் முள்ளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

நான் தட்டவில்லை, உதைத்தேன். பிரேக் மிதித்துப் பழகிய கால். மூன்றாவது உதையில் கதவு திறந்தது.

"ஒம்பது நிமிஷம் பொறுக்க முடியாதா உன்னால?" என்றார் என் கணவர், கைப்பிடியில் தொங்கிய டைமரை எட்டிப் பார்த்துவிட்டு. அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில், "எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாமல் என்ன, நிமிடக் கணக்கோடு சொன்னேன்.

"வீட்ல ஆள் இருந்தும் ஏன் உடனே கொண்டுவரல? இதுல ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்மா."

பதில் சொல்ல வேண்டியவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"கண்ணத் திறங்க," என்றேன். "இப்ப மூடினீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

உயிர் தப்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் வீட்டுக்கு வந்து, மாமனாரின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக் காட்டினாள்.

"எவ்வளவு நேரம் பண்ணணும்? எத்தனை தடவை?" என்று என் கணவர் கேட்டார். நிமிடக் கணக்கை மட்டும் அவர் மறக்கவே இல்லை.

"முடிஞ்ச அளவு பண்ணுங்க சார். நிறையப் பண்ணினா நல்லது."

அந்த அளவை நான் முடிவு செய்தேன். டைமரை நாற்பதுக்குத் திருகி அவர் முன்னால் வைத்தேன். மூன்று வேளை. அப்பாவின் விரல்களை நீட்டி மடக்குகிறார். ஒரு மாதமாகிறது, என் கோபம் ஒரு படிகூட இறங்கவில்லை.

நேற்று மாலை மாமனார் இடது கையால் தன் விரல்களை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"போதும்ப்பா. உன் தியான நேரம் வந்துருச்சு. நீ போய் உக்காரு."

என் கணவர் எழலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் டைமரைப் பார்த்தேன்.

"இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு மாமா," என்றேன். "நடுவுல விட்டா, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."