பவுடர் போடக் கூடாது

முப்பத்தோரு வருடம் நான் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவுக்குத் தலைவியாக இருந்தேன். நாங்கள் துவைத்த படுக்கை விரிப்புகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் பூமியை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, மிச்சத்தில் நிலாவுக்கு ஒரு தலைப்பாகையும் கட்டலாம். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டால் பாதியாகக் குறைத்துக்கொள்வார். என் நாத்தனார் பத்தால் வகுப்பாள். "அண்ணி சொன்னா பத்தால வகுக்கணும்" என்பது எங்கள் குடும்பத்தில் அவள் போட்ட சட்டம்.

அவளும் என்னோடு அங்கேயேதான் வேலை பார்த்தாள். கஞ்சித் தொட்டி அவள் பொறுப்பு. அவள் கஞ்சி போட்ட டாக்டர் கோட்டு, டாக்டர் வராவிட்டாலும் தானே எழுந்து போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வரும். அதனால் 'கஞ்சி' என்பதே அவள் பெயராக நிலைத்துவிட்டது. ஆளும் அப்படித்தான், லேசில் மடங்க மாட்டாள்.

சலவைப் பிரிவு இருந்தது தரைக்குக் கீழே. எங்கள் தலைக்கு மேலே இரண்டாவது மாடியில், பெண்களுக்கு மார்பகப் படம் எடுக்கும் அறை. அந்த அறையின் நீலக் கவுன்கள் எனக்கு அத்துப்படி. முன்பக்கம் திறப்பு, கட்டிக்கொள்ள இரண்டு நாடா, அதில் இடது நாடா எப்போதும் பிய்ந்திருக்கும். அந்தக் கவுன்களை லட்சக்கணக்கில் துவைத்திருக்கிறேனே தவிர, ஒருநாளாவது மாடியேறி அதற்குள் நுழைந்ததில்லை. கஞ்சியும்தான்.

ஓய்வு பெற்று நாலாவது வருடம் ஒரு கடிதம் வந்தது. பழைய பெண் ஊழியர்களுக்கு இலவசமாக மார்பகப் பரிசோதனை, வரவும் என்று. எனக்கு ஒன்று, கஞ்சிக்கு ஒன்று. அவள் தன் கடிதத்தை நாலாக மடித்துக் கடுகு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய அக்கா, என் பெரிய நாத்தனார், கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பிறகும் எட்டு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தபோது நேரம் கடந்திருந்தது. கடிதம் வந்தபோது அவள் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. கூடப்பிறந்தவளுக்கு வந்திருந்தால் இவளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து இவள் மருத்துவமனை வாசலைச் சம்பளம் வாங்க மட்டுமே மிதித்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி."

"இல்லன்னு யாருடி சொன்னா?"

"இருக்குன்னும் யாரும் சொல்லல இல்ல? அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"நானும் வரேன். எனக்குத் தேவையே இல்ல, எங்க வம்சத்துல நூறு வயசுக்கு முன்னாடி யாரும் போனதே இல்ல. உனக்குத் துணைக்காக வரேன்."

இதை மட்டும் அவள் பத்தால் வகுக்கவில்லை. வகுத்திருந்தால் எங்கள் வம்சமே தழைத்திருக்காது. மூன்று நாள் முரண்டு பிடித்துவிட்டு, "நீங்க முதல்ல உள்ள போகணும், உயிரோட வெளிய வரணும், அப்புறம்தான் நான்" என்று இறங்கி வந்தாள்.

கடிதத்தின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'பரிசோதனை நாளன்று பவுடர், கிரீம், ஸ்பிரே போடக் கூடாது.' கஞ்சி அதில் விரலை வைத்துக் காட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"அடியே, இந்தச் சட்டத்தப் போட்டதே நான்தான்!"

பொய்யில்லை. என் காலத்தில் அந்தக் கவுன்களின் கழுத்தும் அக்குளும் பவுடர் அப்பிச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வரும். நான் மேலிடத்துக்கு மனுமேல் மனு எழுதினேன். மூன்றாவது மனுவை அனுப்பிய அதே மாதம் அறை வாசலில் இந்த வாசகம் தொங்கியது. என் எழுத்தின் வன்மை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நான்தான் ஓய்வு பெற்றுவிட்டேனே, அழுக்கானால் துவைக்கப்போவது வேறு யாரோ. ஆவியிலும் வெந்நீரிலும் வெந்து கிடந்த சலவைப் பெண்களுக்கு உடம்பு முழுக்க வேர்க்குருப் பவுடர் கொட்டிக்கொள்ளாமல் வீதியில் இறங்கத் தெரியாது. அன்று காலை எனக்கு அரை டப்பா, கஞ்சிக்கு என் கையாலேயே அரை டப்பா. இருவரும் மாவில் புரட்டி எடுத்தாற்போல் போய் இறங்கினோம்.

பதிவு செய்த நர்சிடம் எங்கள் வம்சப் பெருமையைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே பதில் சொன்னாள்: "குடும்பத்துல இல்லன்னா வராதுன்னு கிடையாதும்மா. இது வர்றவங்கள்ல பாதிக்கு மேல, குடும்பத்துல யாருக்குமே இருந்திருக்காது. பொண்ணாப் பொறந்து வயசும் ஏறிச்சுன்னா, பாத்துக்கத்தான் வேணும்." துணைக்கு வந்தவள் என்ற என் கிரீடம் அங்கேயே கழன்று விழுந்தது.

கவுன் கொடுத்தார்கள். இடது நாடா இல்லை.

உள்ளே ஒரு சின்னப் பெண் என்னை இயந்திரத்தின் முன் நிறுத்தி, மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். வலித்ததா? எங்கள் பெரிய இஸ்திரி இயந்திரத்துக்குள் நானே விரிப்பாகப் போய்வந்தது போல இருந்தது. ஒவ்வொரு அழுத்தலும் ஒரு யுகம். கடிகாரக் கணக்கில் சில நொடிகள். பக்கத்துக்கு இரண்டு படம், முடிந்தது. வெளியே வந்து கஞ்சியிடம், "முதலை கவ்வுற மாதிரி இருந்துச்சு" என்றேன்.

"பத்தால வகுத்தா பல்லி" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கஞ்சியும் வெளியே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னப் பெண் வந்து எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, பவுடர் போட்டீங்களா?"

"லேசா."

"லேசாவா? ரெண்டு பேர் படத்துலயும் நட்சத்திரமாக் கொட்டிக் கிடக்கு. பவுடர் படத்துல வெள்ளப் புள்ளியாத் தெரியும்மா. ஆரம்பக் கட்டப் புற்றுநோயும் சில சமயம் அப்படித்தான் பொடிப் பொடிப் புள்ளியாத் தெரியும். எது எதுன்னு நாங்க எப்படிப் பிரிக்கிறது? அதுக்குத்தானே வேணாம்னு எழுதியிருக்கோம்!"

அதுக்குத்தானா? என் மூன்று மனுக்களும் என் முன்னாலேயே தற்கொலை செய்துகொண்டன.

ஈரத்துணியால் துடைத்தார்கள். தொட்டி நிறைய மாவு கரைந்தது. மறுபடி படம். என் நட்சத்திரங்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் மறைந்தன. கஞ்சியின் அக்குள் பக்கப் புள்ளிகளும் மறைந்தன. ஆனால் இடது மார்பின் உள்ளே ஏழெட்டுப் புள்ளிகள், கடுகு சிந்தினாற்போல ஒரே கொத்தாக, இருந்த இடத்திலேயே இருந்தன.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இப்படிப் புள்ளி தெரிகிற பலருக்கு ஒன்றும் இருக்காது. ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். மரத்துப்போக மருந்து போட்டுத்தான் செய்வோம். அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள்.

திங்கள்கிழமை மாலை போனேன். கஞ்சி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரல அண்ணி. அது பவுடர்தான்."

"துடைச்சாச்சேடி."

"சரியாத் துடைக்கல. நீங்கதான கொட்டுனீங்க? அரை டப்பா! ஒரு தடவ துடைச்சா போயிடுமா? நீங்களே சொல்லுங்க, அது பவுடர்தான?"

என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று நான் சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தேவை. அவளுக்கு இந்தச் சாக்கை டப்பா நிறையக் கொட்டிக் கொடுத்தவள் நான். ஆயிரம் புளுகு புளுகியிருக்கிறேன், இந்த ஒன்று எனக்கு எம்மாத்திரம்? வாய்வரைக்கும் வந்தது.

அவள் மடியில் ஒரு தலையணை உறை இருந்தது. ஓரத்தில் பழைய காப்பிக் கறை.

"இத ஏன் இஸ்திரி போடாம வெச்சிருக்க?"

"கறை போகலையே. மறுபடி ஊறப்போடணும்."

"தூசியா இருக்கும்டி. போட்டுடேன்."

"என்ன அண்ணி, தெரியாதவங்க மாதிரி! துவைச்சும் நிக்குதுன்னா தூசியா? மேல சூடு பட்டா நிலைச்சிடும், அப்புறம் என்ன பண்ணாலும்..."

நிறுத்திவிட்டாள். உறையை ஒருமுறை நீவினாள். சுவரில் பெரிய நாத்தனாரின் படம் இருந்தது. நாங்கள் இருவருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"துடைச்சு எடுத்த படத்த நானும் பாத்தேன். அது பவுடர் இல்ல. என்னன்னு எனக்குத் தெரியாது. இதப் பத்தால வகுக்காத" என்றேன்.

அவள் உறையை ஊறப்போடத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "நாளைக்கு எத்தன மணிக்கு?"

ஊசிச் சோதனை முடிந்தது. எட்டு நாளில் முடிவு வந்தது. எட்டு நாளா, எண்பது வருடம்! புற்றுநோய்தான். ஆனால் பால் குழாய்க்குள்ளேயே இருக்கிறது, சுவரைத் தாண்டவில்லை, இதைவிட ஆரம்பத்தில் பிடிக்க முடியாது என்றார் டாக்டரம்மா. அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு மூன்று வாரம் கதிர் சிகிச்சை கொடுத்தால் போதும், மார்பை முழுக்க எடுக்கத் தேவையில்லை. அக்காவுக்கும் இருந்ததால், பரம்பரையாக வருவதா என்று ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். மரபணுவில் அப்படிப் பழுது எதுவும் இல்லை என்று வந்தது. ஆனாலும் அவள் மகளும் நாற்பதை எட்டுமுன்பே டாக்டரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

கஞ்சி கேட்ட முதல் கேள்வி: "கையால தடவிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"இவ்வளவு சின்னது தெரிஞ்சிருக்காதும்மா. அதுக்குத்தான் படம்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் விரல் எலும்பில் பதினெட்டு நொறுங்கின.

சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாளும் நானும் கூடப் போனேன். உள்ளே கதிர் சில நிமிடம்தான், காத்திருப்பதுதான் நீளம். இரண்டாம் நாளே கஞ்சி ஊசி நூலோடு வந்துவிட்டாள். காத்திருந்த நேரமெல்லாம் நீலக் கவுன்களுக்கு இடது நாடா தைத்தாள். முதலில் வேண்டாம் என்ற நர்சு, மூன்றாம் நாள் கவுன்களைக் கட்டாகவே தூக்கி வந்து மடியில் வைத்தாள். கடைசி வாரம் தோல் கொஞ்சம் சிவந்தது, உடம்பு அசதியாக இருந்தது. அதற்காகவும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. மொத்தம் ஒன்பதாயிரம் கவுன். சரி, நாற்பத்தொன்று.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவளுக்கு வருடத்துக்கு ஒருமுறை படம். போன தடவை சுத்தமாக இருந்தது. எனக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இந்த வாரம் இருவருக்கும் ஒரே நாள் விழுந்தது.

காலை எட்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு கையில் ஈரத்துணி, ஒரு கையில் வாளியோடு கஞ்சி நிற்கிறாள்.

"கழுத்தக் காட்டுங்க."

"சத்தியமா ஒரு துளிகூடப் போடல!"

"பத்தால வகுத்தாலும் அரைக்கரண்டி இருக்கும். திரும்புங்க."

தேய்த்தாள் பாருங்கள், மூன்று தோல் உரிந்து நாலாவது தோல் எட்டிப் பார்த்தது. மருத்துவமனையில் கவுன் கொடுத்தார்கள். இடது நாடா கல் மாதிரி உறுதியாக நின்றது. வலது நாடாவைக் காணோம்.

கஞ்சி பையைத் திறந்து ஊசியை எடுத்தாள்.